படிக்காமல் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 2, திங்கள்

இருமல் மருந்துப் பாட்டிலைப் படித்தேன். முழுவதும், நானே. ‘நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்’ என்று போட்டிருக்கிறது. எத்தனை வருடமாகக் குலுக்காமல் குடித்திருக்கிறேன்! இவளிடம் சொன்னேன். “அதான் உங்க இருமல் நம்ம வீட்டோடயே தங்கிடுச்சு” என்றாள். என் மனைவி படித்தது ஐந்தாம் வகுப்பு. வாய் மட்டும் காலேஜ்.

இந்த ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூட்டை தூக்கிய காலத்தில்கூடக் கை இப்படி வலித்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

நூலக மாடியில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்குச் சனி ஞாயிறு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மா, “உங்க வேலையைப் பத்தி எழுதுங்க ஐயா” என்றார். எழுதுகிறேன்.

நான் பாலர் பள்ளியில் வாசல் காவல். எட்டு வருடம். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள். காலையில் இரும்புக் கதவைத் திறப்பேன். ஒவ்வொரு பிள்ளையாக வரும்போது, “வந்துட்டாரு ராஜா! வந்துட்டாங்க ராணி!” என்று கைமணியை ஆட்டுவேன். பிள்ளையின் தலையில் தொப்பி இருந்தால் கழற்றிக் குனிந்து வணக்கம் வைத்து நீட்டுவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மாமார் நகர்ந்ததும் கதவைச் சட்டென்று சாத்திவிடுவேன். ஆளைப் பார்த்தால்தான் அழுகை, மறைந்தால் மறந்துவிடும். இது என் அனுபவம்.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் இது பலிக்கவில்லை. மஞ்சள் தொப்பி. நாலு வயதுப் பெண். பேச்சு இன்னும் வரவில்லை. தினமும் வாசலில் கீழே விழுந்து கத்துவாள். வகுப்பு டீச்சர் தூக்கிக்கொண்டு போவார். அழுது களைத்துவிடுகிறாள் என்று, இப்போது ஒரு மணி நேரம்தான் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மீட்டிங். அவளை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கே அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்களாம். சமையல் அம்மா சொன்னாள்.

பாவம். என்னால் ஆனதைச் செய்தேன். அவளுக்கு மட்டும் மணியை இரண்டு தரம் கூடுதலாக ஆட்டினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

காவல் அறை மேசை இழுப்பறையில் சாவிகளுக்கு அடியில் ஒரு தாள். பெரிய எழுத்து, எனக்கென்றே அச்சடித்த மாதிரி. பயிற்சிக்கு நல்லது என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். தலைப்பு மட்டும் படித்தேன். ‘வாசலில் குழந்தையை வரவேற்கும் முறை.’

என் வேலையைப் பற்றியே ஒரு தாள்! தினம் ஒரு வரி படிப்பதாக முடிவு.

பிப்ரவரி 6, வெள்ளி

‘தொப்பியைக் கழற்ற வேண்டாம். சாதாரணச் சத்தமே அவளுக்கு வலிக்கிறது. தொப்பி அவள் காதைக் காக்கிறது.’

மூன்று முறை படித்தேன். எழுத்துக் கூட்டியதில் தப்பு இருக்குமோ என்று நாலாவது முறையும் படித்தேன்.

தப்பு இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வகுப்பில், “வீட்டுல என்ன படிச்சீங்க?” என்று டீச்சரம்மா கேட்டார். மருந்துப் பாட்டில் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்றும் இன்றும் தொப்பியைத் தொடவில்லை. பள்ளி முடிந்து அடுத்த வரி படித்தேன்.

‘அவள் அருகில் மணி அடிக்க வேண்டாம். அவள் உள்ளே சென்ற பிறகு அடிக்கவும்.’

இரண்டு தரம் கூடுதலாக என்று நான்தானே எழுதினேன், நாலு பக்கத்துக்கு முன்னால். ரப்பர் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

‘இரண்டு படங்கள் கொடுக்கப்பட்டுள்ளன. அம்மா கையசைத்துப் போகும் படத்தை முதலில் காட்டவும். அம்மா திரும்பி வந்து கைபிடிக்கும் படத்தை அடுத்துக் காட்டவும்.’

என்ன படம்? எனக்கு யார் படம் கொடுத்தார்கள்? எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. காவல் அறை ஜன்னல் காற்றில் கடகடவென்று ஆடும். அதில் இரண்டு அட்டைகளை மடித்துச் சொருகி வைத்திருக்கிறேன். நல்ல கெட்டியான அட்டை. அன்றிலிருந்து ஜன்னல் ஆடவே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

அட்டைகளை உருவி எடுத்தேன். வெயிலில் வெளுத்துப்போயிருக்கின்றன. அம்மாவின் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிகிறது. நடுவில் மடிப்பு.

பிப்ரவரி 15, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று இவளிடம் சொன்னேன்.

கடைசி வரி: ‘கதவை அவளே சாத்தட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கவும். தானே சாத்தும்போது அம்மா போவதை அவளால் ஏற்க முடிகிறது.’

அதற்குக் கீழே, ‘படித்துப் புரிந்துகொண்டேன்.’ அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அழகான கையெழுத்து. முதலில் ஒரு கொக்கி, நடுவில் அலை மாதிரி, கடைசியில் நீண்ட வால். அது என்னுடையது. முப்பது வருடத்துக்கு முன் இவள் வரைந்து காட்டினாள், நான் பார்த்துப் பார்த்து வரையக் கற்றேன். அதில் எந்த எழுத்தும் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

தேதி போட்டிருக்கிறது. பத்து மாதம் ஆகிறது.

வகுப்பு டீச்சர் இரண்டு தாள் கொண்டுவந்தார். ஒன்று ஃபைலுக்கு, ஒன்று எனக்கு. “தாத்தா, வாசல்லதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டம். உங்களை நம்பித்தான் இருக்கோம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார். நான் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். உதட்டைக்கூட அசைத்தேன், படிக்கிற மாதிரி. “படிச்சுட்டேன்மா” என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மணியைக் காவல் அறையிலேயே வைத்துவிட்டேன். தொப்பியைத் தொடவில்லை. ‘வந்துட்டாங்க ராணி’ என்றும் கூவவில்லை. யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று நினைப்பு.

தெரு முனையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் வந்தாள். கதவருகில் என்னைப் பார்த்தாள்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

மணி என் கையில் இல்லை. இருந்தும் பொத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 18, புதன்

இன்றும்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்றும். குனிந்து அந்த வெளுத்த படத்தை நீட்டினேன். என் கை நீண்டதும் தொப்பிக்குத்தான் வருகிறேன் என்று நினைத்து அம்மாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். அம்மா அவளைப் பிடித்து இழுத்து, “தாத்தா என்ன உன்னைக் கடிக்கவா போறாரு?” என்றாள்.

கதவை அவளிடம் விட எனக்குத் தைரியம் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. ஏன் திடீரென்று இப்படி என்று கேட்பார்கள். சட்டென்று சாத்தினேன், வழக்கம்போல.

பிப்ரவரி 26, வியாழன்

ஆபீஸ் அறைக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். பெரிய டீச்சர் ஏதோ எழுதிக்கொண்டு, வகுப்பு டீச்சருக்கு வாசித்துக் காட்டினார். “பத்து மாதமாக எல்லாப் பணியாளர்களும் திட்டப்படி நடந்தும் குழந்தையிடம் முன்னேற்றம் இல்லை.”

வகுப்பு டீச்சர், “இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே மேடம்” என்றார்.

“எத்தனை நாள் பாக்கிறது? நாம எதை விட்டோம் சொல்லுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

நான் தண்ணீரை மேசையில் கொட்டிவிட்டேன். “வயசாகுதுல்ல தாத்தா” என்று பெரிய டீச்சரே துடைத்தார்.

பிப்ரவரி 28, சனி

இவளிடம் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மூச்சில் படித்தாள். எனக்குப் பத்து நாள் ஆன தாள்.

“ரேஷன் கார்டுலேருந்து கரண்ட் பில்லு வரைக்கும் நான்தானே படிச்சுக் காட்டினேன். இதை ஏன் எனக்குக் காட்டல?”

“நீ அப்ப மக வீட்டுல இருந்தே. பிரசவம்.”

“வந்தப்புறம்?”

“மறந்துட்டேன்.”

டீ போட்டாள். பிறகு, “சொன்னா வேல போயிடும். வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க” என்றாள். அவளும் எனக்காகத்தான் சொல்கிறாள்.

மார்ச் 1, ஞாயிறு

மறந்துவிட்டேன் என்றது பொய். இந்த நோட்டில் பொய் இருக்கக் கூடாது. யாரும் திருத்த மாட்டார்கள் என்பதால் நானே திருத்துகிறேன்.

மறக்கவில்லை. சாவி எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள் கண்ணில் படும். அதனால்தான் சாவிகளை அதன் மேல் பரப்பி வைத்தேன். இவளிடம் காட்டினால், “டீச்சர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்று கேட்பாள். படித்துவிட்டேன் என்று சொன்னதைச் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்துக்குத்தான். இத்தனைக்கும் அது இவளிடம் மட்டும் பட வேண்டிய வெட்கம். ஒரு நிமிட வெட்கம். அதை மிச்சம் பிடிக்கப் போய், அந்தப் பிள்ளை பத்து மாதம் தரையில் விழுந்து புரண்டாள்.

நான் எவ்வளவு சின்ன ஆள்.

மார்ச் 3, செவ்வாய்

சொல்லப் போனேன். பெரிய டீச்சர் போனில் இருந்தார். திரும்பிவிட்டேன். போனில் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 7, சனி

வாயால் சொல்ல வரவில்லை. எழுதிக் கொடுக்கப் போகிறேன். என் வாழ்க்கையில் முதல் கடிதம். மகளுக்கு எழுத வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்த நீலத் தாள் இதற்கு ஆயிற்று.

‘அன்புள்ள’ என்று தொடங்கினேன். அடித்தேன். ‘மரியாதைக்குரிய’ என்பதை எழுத நாலு தடவை ஆனது.

மார்ச் 8, ஞாயிறு

முடிந்தது. பதினொரு வரி. இவள் எட்டிப் பார்த்தாள். என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மார்ச் 9, திங்கள்

பெரிய டீச்சர் கடிதத்தை நின்றபடி படித்தார். உட்கார்ந்தார். மறுபடி படித்தார்.

“இதை யார் எழுதிக் கொடுத்தது?”

“நான்தான் மேடம்.”

“படிக்கத் தெரியாதுன்னு பதினோரு வரி எழுதியிருக்கீங்க!”

“அப்ப தெரியாது மேடம். இப்ப தெரியும்.”

அவர் நம்பவில்லை. யாரையோ காப்பாற்ற நான் பழியை ஏற்கிறேன் என்றோ, மூளை குழம்பிவிட்டது என்றோ நினைத்திருப்பார். சுவரில் இருந்த போர்டைக் காட்டி, “அதைப் படிங்க” என்றார். படித்தேன். ‘கா...லணி...களை வெளி...யே விடவும்.’ எழுத்துக் கூட்டிக் கூட்டி. பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. அப்படி நடிக்க முடியாது.

வகுப்பில் சேர்ந்த எட்டு மாதமாக ஒவ்வொரு போர்டையும் படிக்கும்போது பூரித்துப்போவேன். இன்றைக்கு மட்டும் அந்தப் பூரிப்பு வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

மீட்டிங். என்னையும் கூப்பிட்டார்கள். வட்டமாகப் போட்டிருந்தவை பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள். நான் நின்றேன்.

மஞ்சள் தொப்பியின் அம்மா மருந்துக்கடையில் வேலை. அந்த வெள்ளைக் கோட்டோடேயே வந்திருந்தாள். பெரிய டீச்சர் என் கடிதத்தை வாசித்தார். ஓரிடத்தில் ‘மணி’யில் ஒரு சுழி குறைந்துவிட்டது போல, அங்கே கொஞ்சம் தடுமாறினார்.

அந்த அம்மா அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

“வீட்டுக்குப் போய் அவளை அடிச்சிருக்கேன் தாத்தா. எல்லாப் பிள்ளையும் சிரிச்சுக்கிட்டு உள்ள போகுது, உனக்கு மட்டும் என்ன கேடுன்னு. எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அறையில் எங்கேயோ விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பெரிய டீச்சர், “நாங்களும் வாசல்ல வந்து ஒரு நாள் நின்னு பாத்திருக்கணும்” என்றார். கையெழுத்தைப் பார்த்ததோடு விட்டுவிட்டார்களாம். ஜூன் வரைக்கும் பிள்ளையை வைத்துக்கொள்வது, திட்டத்தை முதலிலிருந்து ஒழுங்காகச் செய்வது என்று முடிவானது. என்னைத் தோட்ட வேலைக்கு மாற்றிவிட்டு வாசலுக்கு வேறு ஆள் போடலாம் என்றார் பெரிய டீச்சர்.

“வேற ஆள்னா அவ மறுபடி ஆனா, ஆவன்னாவிலேருந்து பழகணும்” என்று வகுப்பு டீச்சர் இழுத்தார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தாள்.

“இவரே இருக்கட்டும். இப்பத்தான் படிச்சிட்டாருல்ல. செய்யட்டும்.”

அது மன்னிப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். டீச்சரம்மாவிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. என் பக்கத்தில் உட்காரும் தையல்காரர் மட்டும், “நானும் ஒரு தாள்ல அப்படிப் போட்டிருக்கேன். என்ன தாள்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்றார்.

மார்ச் 16, திங்கள்

புதிய தாள் வந்தது. வகுப்பு டீச்சர், “நான் படிக்கட்டுமா தாத்தா?” என்றார். நானே படிக்கிறேன் என்றேன். இருபது நிமிடம் பக்கத்திலேயே நின்றார். கொக்கியும் வாலும் போடவில்லை. என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினேன். கோணலாக இருக்கிறது. முதல் தடவையாக அது என் பெயர்.

படங்களும் புதிது. இப்போது அம்மாவின் முகம் தெரிகிறது.

மார்ச் 17, செவ்வாய்

அவளைக் கடைசியாக, எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போன பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் காவல் அறைச் சுவரோடு ஒட்டி நின்றேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. படங்களை அம்மாவே காட்டினாள். கதவைத் தொட மாட்டேன் என்றாள் பிள்ளை. பதினேழு நிமிடம். கடைசியில் விழுந்து கத்தினாள். டீச்சர் தூக்கிப் போனார்.

அவள் அம்மா என்னைப் பார்க்காமலே படங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 19, வியாழன்

காதைப் பொத்தினாள். கத்தவில்லை. கதவைத் தொட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

பதினான்கு நிமிடம். அவளே சாத்தினாள். அரையடி திறந்தே இருந்தது. அதைச் சாத்த என் கை தானாகப் போனது. எட்டு வருடப் பழக்கம். இழுத்துக்கொண்டேன். அவள் உள்ளே போய் மறைந்த பிறகுதான் சாத்தினேன்.

மணியும் அப்புறம்தான், பின்கட்டில் போய் மெதுவாக. “என்ன தாத்தா, மணிக்கு ஜலதோஷமா?” என்றாள் சமையல் அம்மா.

ஏப்ரல் 1, புதன்

தாமதமாக வந்த ஒரு அப்பா அவள் பின்னால் நின்று, “ஒரு கதவைச் சாத்த இவ்வளவு நேரமா? நீங்க சாத்த வேண்டியதுதானே?” என்றார்.

“நான் பத்து மாசம் சாத்தினேன் சார். அது தப்பு” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நின்றார்.

ஏப்ரல் 8, புதன்

ஒன்பது நிமிடம். வரும் திங்கள் முதல் அவள் மதியம்வரை இருப்பாள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். நேற்று மணலில் உட்கார்ந்து இன்னொரு பிள்ளைக்கு வாளி கொடுத்தாளாம்.

என்னைப் பார்த்தால் இன்னும் பொத்திக்கொள்கிறாள். பொத்தட்டும். அது அவள் கை, அவள் காது.

ஏப்ரல் 16, வியாழன்

காலையில் நல்ல மழை. அவள் அம்மா ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளை, தோளில் பை என்று தடுமாறி வந்தாள். பை நழுவி விழப் போனது. நான் கதவுக்கு வெளியே ஓடிப்போய்ப் பையைப் பிடித்தேன். இதற்குள் பிள்ளை உள்ளே போய்விட்டாள். திரும்பிக் கதவைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள்.

“தாத்தா, நீங்க உள்ள போங்க” என்றாள் அம்மா.

“அவ சாத்திக்கிட்டு இருக்காம்மா. நடுவுல போகக் கூடாது.”

நின்றோம், இரண்டு பேரும் தெருவில். ஆறு நிமிடம். என் முதுகு தொப்பலாக நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்து முதுகில் மழை விழவில்லை. குடை பாதி என் பக்கம் வந்திருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ணங் என்று கதவு முழுசாகச் சாத்திக்கொண்டது. கொண்டி தானாக விழுந்தது. முதல் முறையாக.

“சாவி உங்ககிட்டதானே தாத்தா?”

“உள்ள மேசையில இருக்கும்மா.”

அவள் அம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜன்னலில் சமையல் அம்மா, “காவக்காரரையே வெளிய வச்சுப் பூட்டியாச்சு!” என்று கத்தினாள். மணி அடிக்க ஆள் இல்லாமலே இன்று பள்ளி தொடங்கியது.

மஞ்சள் தொப்பி வகுப்புக்குப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கம்பி வழியாக என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன்.

அவள் கைகள் இரண்டும் கம்பியில் இருந்தன. காதில் இல்லை.